சேம்புப் பாத்தி ரோட்டுக்கு இறங்கியது

முதலில் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் மேழியும் கிணறு இறைக்கிற கவலைக் கயிறும்தான். பேனாவை எடுத்தால் மேழியைப் பிடிக்கிற பிடியே வருகிறது. எழுத்தும் கோணல் சாலாகத்தான் ஓடுகிறது. சின்ன ர, பெரிய ற இரண்டில் எது எங்கே வரும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. படிக்கிறவர்கள் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். சந்தையில் நாலு பேர் என் முகத்தைப் பார்த்ததும் முதல் வார்த்தையே மறந்துபோகிறது. நான் மூச்சு வாங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவர் தம் மாமனார் ஊர்க் கதையைத் தொடங்கிவிடுகிறார். காகிதம் அப்படி முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். தெரிந்ததே தவிர, நாற்பது வயது தாண்டியும் இந்த ஆடிவரை நான் அதில் ஏறியதில்லை. மலைக்காரர்கள் மிளகும் பலாப்பழமும் கொண்டு சந்தைக்கு இறங்கி வருவார்கள், உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறிப் போவார்கள். எங்களுக்கு அது வேறு தேசம்.

அந்த ஆடி மாதம் செம்மேட்டுக்குப் போகும் வழியில், மலைமேல், ஒரு துண்டு ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். புது மண்ணை அழுத்துவதற்குக் கல் உருளை ஒன்றை அங்கேயே கொத்தி வைத்திருந்தார்கள். அதை இழுக்கப் பெரிய மாடு வேண்டும். மலை மாடுகள் சிறியவை. காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள் சந்தையில் என் மயிலையையும் செவலையையும் பார்த்துவிட்டு, “இந்த ஜோடி வருமா?” என்று கேட்டான். வராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. தலையை ஆட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் பாதிக் காரியங்கள் இப்படித்தான் நடந்தன, கல்யாணம் உட்பட.

அப்படி நடந்த கல்யாணத்தில் வாய்த்த பாவாயிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். எங்களுடையது மானாவாரிக் காடு. முதல் மழை பெய்து மண் இளகி இருக்கிற சில நாளில் உழுது சோளம் விதைத்தாக வேண்டும். ஈரம் காய்ந்துவிட்டால் அந்த வருஷம் போய்விட்டது. வேறு மாடும் எங்களுக்கு இல்லை.

“ஏனுங்க, மானம் இருட்டுனா மாட்டோட வந்து சேரோணும்,” என்றாள்.

“வாரேன்.”

“வாரேன்னு சொல்லிப்போட்டு, அங்க எவனாச்சும் இருங்கன்னா தலையாட்டிக்கிட்டு உக்காந்துக்காதீங்க. நீங்க வர முடியாட்டி மாட்டை மட்டுமாச்சும் அனுப்பிருங்க.”

முதல் நாள் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மயிலை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பி ஊரைப் பார்த்தது. செவலை பாதிவழியில் படுத்துவிட்டது. பாதை அதன் உடம்பகலம்தான். மேலேயும் கீழேயும் போகிறவர்கள் இருபுறமும் தேங்கி நின்றார்கள். பலாப்பழக் கூடையோடு இறங்கிய ஒருத்தி, கூடையைச் செவலையின் முதுகில் இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறினாள். “நல்ல சுமைதாங்கி கட்டியிருக்கறீங்க,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மாட்டின் காதைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் தலையில் உப்பு மூட்டையோடு சடையன் மேலே வந்தான். மலைமேல் இருக்கிற பெரக்கரை நாட்டு விவசாயி. மூட்டையை இறக்காமலே காலால் செவலையின் தொடையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். அது எழுந்து நடந்தது.

“எங்கீங்க இத்தனை பெரிய மாட்டோட?”

“உருளை இழுக்க.”

“அப்ப எங்க மலையை நசுக்கி மட்டமாக்கிப்போட்டுத்தான் போவீங்களாட்ட இருக்குது,” என்றான். அவனுடைய காடு ரோடு வெட்டுக்கு நேர் மேலே இருந்தது. தொழுவத்தில் இடம் தருகிறேன் என்றான். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை ஆட்டியது நல்லதாகப் போயிற்று.

மேலே போனதும் எனக்குக் குளிர்ந்தது. ஆடி மாதத்தில் பல் கிடுகிடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைவிட ஆச்சரியம் தண்ணீர். எங்கள் ஊரில் கவலை மாடு முன்னும் பின்னும் நடந்து தேய்ந்தால்தான் ஒரு சால் தண்ணீர் வரும். இங்கே பாறை கசிகிறது, வேலிக்கால் கசிகிறது, சடையன் வீட்டுப் பின்சுவரே வேர்த்து நிற்கிறது. தெருவில் ஓடும் தண்ணீரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் ஒவ்வொன்றையும் மண் அணைத்துத் தடுக்கக் கால் துறுதுறுத்தது.

மறுநாள் ஓவர்சியரைப் பார்த்தேன். ஆற்றங்கரை ஊர்க்காரர், காக்கி அரைக்கால் சட்டை, கறுப்புக் குடை. மலையின் பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, அதன் அடியில் ரோட்டைக் கொண்டுபோயிருந்தார். வெட்டுக்கு அந்தப் பக்கம் சடையனின் வீடும் தொழுவமும். இந்தப் பக்கம் எங்கள் ஊருக்கு இறங்கும் வழி. நடுவில் ரோட்டுக்கு மேலே காடு, கீழே பள்ளம்.

“எப்படி இருக்கு வெட்டு? வீட்டுச் சுவர் மாதிரி இல்லே?” என்று சிவப்பு மண்ணைக் குடையால் தட்டிக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். “மேலே மழைத்தண்ணி இதுக்குள்ளே இறங்கக் கூடாதுன்னு ஒரு காவாய் வெட்டியிருக்கேன். வர்ற தண்ணியெல்லாம் ஓரமாப் போய் ஓடையிலே விழுந்துடும்.”

சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்க மேலே போனபோது அந்தக் காவாயைப் பார்த்தேன். தண்ணீர் ஓடவில்லை, நிறைந்து நின்றது. அதில் வரிசையாகச் சேம்பு நட்டு, யானைக்காது போல இலை விரிந்திருந்தது. ஓடையில் விழும் வாயைக் கல்லும் மண்ணும் வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். சடையனின் மனைவி வெள்ளச்சி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“நாங்க கேக்கவே இல்லீங்க. சர்க்காராப் பாத்து எங்க காட்டோரமா வாய்க்கா வெட்டிக் குடுத்திருக்குது,” என்றாள். “வாய் மட்டும் அடைக்காம வுட்டுட்டாங்க. மறந்துட்டாங்களாட்ட இருக்குது. நாந்தான் அடைச்சேன்.”

நன்றாகச் செய்தீர்கள் அம்மணி என்றேன். ஒரு சொட்டு வீணாகாமல் நிற்கிற தண்ணீரைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. ஓவர்சியரும் கீழேயிருந்து பச்சையைப் பார்த்திருக்கிறார். செடி வளர்ந்தால் வேர் மண்ணைப் பிடிக்கும் என்று அவருக்கும் சந்தோஷம். ஆக, மூன்று பேரும் திருப்தியாக இருந்தோம்.

உருளை ஓட்டியது ஒருநாள்தான். அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டுகிற மழையில்லை, சொந்தக்காரர் வந்து உட்கார்ந்த மாதிரியான மழை. பேசிக்கொண்டே இருந்தது, எழுந்திருக்கவில்லை. உருளை மண்ணை அழுத்துவதற்குப் பதிலாக, மண் உருளையை விழுங்க ஆரம்பித்தது. ஆட்டுரல் மாவில் குழவி மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. ஓவர்சியர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் மாட்டு வாலுமாகத் தள்ளினார். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. வேலை நின்றது.

நான் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். எங்கள் ஊர் இருக்கிற பக்கம் முழுவதும் வெள்ளையாக மேகம் மூடியிருந்தது. மேகம் இருந்தால் மழை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த மேகத்துக்கு அடியில் எங்கள் காடு நனைந்து இளகிக் கிடக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் ஏர் பூட்டியிருப்பார். பாவாயி வாசலில் நின்று மலையைப் பார்த்துப் பேசுவது எனக்குக் கேட்டது போலவே இருந்தது. என்ன பேசியிருப்பாள் என்பதை எழுதவில்லை.

ஓவர்சியரிடம் போய், மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறேன் என்று கேட்க வேண்டும். அதைச் செவலையிடம் சொல்லிப் பழகினேன். அது காதை ஆட்டிக் கேட்டது. மயிலையிடம் சொன்னேன். அது பாதியில் திரும்பிக்கொண்டது. ஓவர்சியர் எதிரே வந்து, “என்ன மாட்டுக்காரரே, எல்லாம் சௌக்கியமா?” என்றதும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். இப்படியே மழையும் நானும் இருந்தோம்.

ஒருநாள் காலை ஓவர்சியர் தாமாகவே சடையன் வீட்டுக்கு வந்தார். செம்மேட்டிலிருந்து அவருக்கு வரவேண்டிய அரிசி வரவில்லை. வெள்ளச்சி ராகிக் களியும் கீரையும் மோரும் வைத்தாள்.

“இதைக் கடிக்கணுமா, முழுங்கணுமா?” என்றார்.

“முழுங்கோணுமுங்க. கடிச்சா மதியம் வரைக்கும் கடிச்சுக்கிட்டே இருக்க வேண்டீதுதான்,” என்றான் சடையன்.

அவர் மென்றார். வெகுநேரம் மென்றார். அவர் வாயில் களி இருக்கும்போதே கேட்டுவிடலாம், உடனே பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தைரியம் வந்தது. “மாட்டை ஓட்டிக்கிட்டு ஊருக்குப் போறனுங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நான் மாடுகளுக்கு அத்தனை தொல்லை கொடுத்திருக்க மாட்டேன்.

விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: “போய்ட்டு மழை விட்டதும் வாங்க. இந்த மழைக்கு மண்ணு எதுக்கும் அடங்காது. இதோ பாருங்க.” தட்டிலிருந்த களியைக் காட்டினார். “வெறும் மாவா இருந்தா ஊதினாப் பறக்கும். அளவாத் தண்ணி விட்டதும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு மலை மாதிரி நிக்குது. இன்னும் விட்டா?”

மோரை ஊற்றினார். களி கொஞ்சநேரம் சும்மா இருந்தது. பிறகு அடி இளகி, உச்சி அப்படியே இருக்க, ஒரு பக்கமாக நகர்ந்து தட்டின் விளிம்பைத் தாண்டியது.

“பாத்தீங்களா? தண்ணி குடிக்கக் குடிக்கக் கனம் கூடுது. உள்ளே பிடி விட்டுப் போகுது. மண்ணும் இதேதான்.”

“சாமி, அப்ப நம்ம வெட்டு?” என்றான் சடையன்.

“அதுக்குள்ளே தண்ணி இறங்காது. அதுக்குத்தானே மேலே காவாய்?”

“எந்தக் காவாயிங்க?” என்றாள் வெள்ளச்சி. “நான் சேம்பு நட்டிருக்கனே, அதுவா?”

ஓவர்சியர் தட்டைக் கீழே வைத்தார்.

“அது தளும்பத் தளும்ப நிக்குதுங்க. அதுக்குக் கீழாண்ட தரையில ஒரு வெடிப்புக்கூட வுட்டுச்சு. நாந்தான் சாணியும் மண்ணும் போட்டு மொழுகியிருக்கறேன்.”

கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு அவர் மெல்லாமல் விழுங்கினார். களி சாப்பிட அதற்குப் பிறகு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மண்வெட்டியோடு ஓடினோம். சடையனும் நானும் காவாயின் வாயை வெட்டிவிட்டோம். வெள்ளச்சி பாத்திக்குள் நின்றுகொண்டு, “அத்தனை தண்ணியையும் வுடாதீங்க, வேர் நனையற அளவுக்காச்சும் வையுங்க” என்று பேரம் பேசினாள். தண்ணீர் குபுகுபுவென்று ஓடைக்குப் போயிற்று. ஆனால் அது முந்தாநாள் போயிருக்க வேண்டிய தண்ணீர். மெழுகிய வெடிப்பு எங்கள் கண்ணெதிரே வாய் திறந்தது. சடையன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தான். நான் எப்போது மேட்டுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

பெரிய சத்தம் வரும் என்று காதைப் பொத்தினேன். வரவில்லை. வயசான ஆள் கட்டிலிலிருந்து இறங்குவது போல, மலையின் அந்தத் துண்டு மெதுவாக உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு காலை நீட்டி ரோட்டில் இறங்கியது. சுவர் மாதிரி இருந்த வெட்டு போய்விட்டது. ரோட்டின் குறுக்கே மேடாக மண். அதன்மேல் சேம்புப் பாத்தி ஒரு செடிகூடச் சாயாமல் வரிசையாக நின்றது. இலைகளில் மழைத்துளி உருண்டது.

யாருக்கும் அடிபடவில்லை. உருளை மட்டும் உள்ளே போய்விட்டது. ஓவர்சியர் நனைந்துகொண்டு நின்றார். குடையை விரிக்கவும் மறந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளச்சிதான் முதலில் பேசினாள். “சேம்பு எங்க இருக்குதோ அதுதான் எங்க காடு. கெழங்கு எடுக்கற வரைக்கும் யாரும் மண்வெட்டி போடக் கூடாது.”

“அம்மா, இது சர்க்கார் ரோடு,” என்றார் ஓவர்சியர்.

“ரோடு எங்கீங்க இருக்குது? காட்டுங்க பாப்பம்.”

காட்டுவதற்கு ரோடு இல்லை. கிழங்கு எடுக்க ஐப்பசி ஆகும். மாடுகள் இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம், நடுவில் சேம்பு. வேறு வழி உண்டா என்று சடையனைக் கேட்டேன். பாறையோரமாக ஒரு வழி இருக்கிறது என்றான். “அதுல எங்க மாடு ஏறும். உங்க மாடு உருளும்.”

கீழே பார்த்தேன். அதே வெள்ளை மேகம். அதற்கடியில் எங்கள் ஈரம் நேரத்துக்கு நேரம் காய்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளச்சிக்கு எதிரே போய் நின்றேன். சடையன் பார்க்கிறான், ஓவர்சியர் பார்க்கிறார், ரோட்டு வேலைக் கூலி ஆட்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

“அம்மணி, எங்க காட்டுல மழ பேஞ்சிருக்குது. இந்த மாட்டை வுட்டா வேற மாடு இல்ல. ஈரம் காஞ்சா வெதைக்க முடியாது. வெதைக்காட்டி வருசத்துக்கும் சோறு இல்ல.”

கண்ணைத் திறந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“ஈரமா?” என்றாள். “ஏனுங்ணா, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயத் தொறந்தாத்தான தெரியும்.” அவளே முதல் செடியைப் பிடுங்கினாள்.

மாடு போகிற அகலத்துக்குச் சேம்பை எடுத்துக் கூடையில் வைத்தோம். சடையன் அடியில் வெட்ட விடவில்லை. அடியைத் தொட்டால் மேலே மிச்சமிருப்பதும் வந்துவிடும் என்றான். ஓவர்சியரும் அதையே சொன்னார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். மண்ணை வெட்டாமல், அதன்மேலேயே மூங்கில் படலும் தழையும் பரப்பினோம். ஓவர்சியர் எதிரே நின்று சரிவின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல் அசைந்தாலும் குரல் கொடுப்பதாக ஏற்பாடு. நடுவில் அவர் ஒரு தும்மல் போட்டார். நாங்கள் அத்தனை பேரும் படலைப் போட்டுவிட்டு ஓடி, தும்மல்தான் என்று தெரிந்து திரும்பி வந்தோம்.

மயிலை யோசிக்காமல் கடந்தது. அதற்கு ஊர்ப்பக்கம் முகம் திரும்பினால் போதும். செவலை நடுவில் படலை விட்டு ஒரு கால் வைத்தது. வயிறு வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தேன். அதட்டினேன். அதன் கண் வெள்ளையாகச் சுழன்றது. மேலேயிருந்து ஒரு மண்கட்டி உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. “வெளியே வாய்யா!” என்று ஓவர்சியர் கத்தினார். எனக்குக் காலும் வரவில்லை, கயிற்றை விடக் கையும் வரவில்லை.

வெள்ளச்சி ஒரு கட்டு ராகித்தாளை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள். “வா கண்ணு. வா சாமி. எந்திரிச்சு வா,” என்று பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். சடையனும் இரண்டு ஆட்களும் மூங்கிலை அடியில் கொடுத்து நெம்பினார்கள். செவலை முக்கியது, மண் சப்பென்று ஒரு சத்தம் போட்டு விட்டது, மாடு என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று தாளைத் தின்றது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புறப்படும்போது வெள்ளச்சி பிடுங்கிய செடிகளில் இருந்த நாலு சேப்பங்கிழங்கை என் துண்டில் முடிந்து கொடுத்தாள். “தண்ணி நிக்கிற எடமாப் பாத்து நடுங்க.” ஓவர்சியர் சரிவைக் காட்டி, “இனிமே சாய்ச்சு, படிப்படியா வெட்டணும்” என்றார். “அப்ப எங்க காடு இன்னும் பாதி போயிருமுங்களே,” என்று சடையன் சொல்லிக்கொண்டிருந்தது திருப்பம் திரும்பும்வரை கேட்டது.

இறங்கும்போது மாடுகள் எங்கேயும் நிற்கவில்லை. மேகத்துக்குள் இறங்கினோம். ஒன்றும் தெரியவில்லை, மயிலையின் பின்னாலேயே போனேன். நாளை விடியும் முன் ஏர் பூட்டினால் ஈரம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். மேகம் முடிந்தது. வெயில் சுளீரென்று அடித்தது.

அடிவாரத்தில் புழுதி. சேந்தமங்கலம் வண்டிப்பாதையில் புழுதி. எங்கள் காட்டில் வெடிப்பு, அதில் புழுதி. ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. மேகம் மலையோடு நின்றுகொண்டு, மேலிருந்து பார்த்த என்னை ஏமாற்றியிருக்கிறது.

சிவப்புச் சேறு வயிறுவரை அப்பிய இரண்டு மாடுகள் காய்ந்த தெருவில் நடந்து வந்ததை ஊரே வந்து பார்த்தது. ஒருவர் செவலையின் தொடையைத் தொட்டுப் பார்த்து, “ஈரம்தானுங்கோ,” என்றார். இன்னொருவர் விரலை மோந்துகூடப் பார்த்தார்.

பாவாயி மாடுகளைச் சுற்றி வந்தாள். கால், குளம்பு, கொம்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“ஊர்லயே ஈரமா இருக்கறது இந்த மாடு ரெண்டும்தான். இதும்மேலதான் சோளம் வெதைக்கோணும்,” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், எனக்குக் கஞ்சி ஊற்றும் முன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு வந்தாள்.

சேப்பங்கிழங்குக்குத் தண்ணீர் நிற்கிற இடம் ஊரெல்லாம் தேடினேன். பாத்திரம் கழுவும் கல்லுக்கு அடியில்தான் கிடைத்தது. அங்கே நட்டேன், முளைத்திருக்கிறது.

இன்று காலை மழை இறங்கியது. நிஜ மழை. பாவாயி முற்றத்திலே நனைந்துகொண்டு நின்றாள். தண்ணீர் எங்கள் கிணற்று மேட்டில் தேங்கி, கிணற்றின் மண்கரையோரமாகக் குளம் கட்டியது. மற்ற வருஷமாயிருந்தால் அதை மண் அணைத்து நிறுத்திவிட்டு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இன்று மண்வெட்டியை எடுத்துப்போய், கரையிலிருந்து விலக்கி ஒரு காவாய் வெட்டி, அத்தனை தண்ணீரையும் இட்டேரிப் பாதைக்கு ஓடவிட்டேன்.

“மலைக்குப் போயிட்டு வந்து புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?” என்று பாவாயி கத்தினாள். “தண்ணியப் போயி யாராச்சும் வெளிய வுடுவாங்களா?”

சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. களி, மோர், வெட்டு, சேம்பு என்று நீளமான பதில். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அதனால் உள்ளே வந்து இதை எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினால் நல்லது. விடிந்ததும் ஏர் பூட்ட வேண்டும்.

வெகுதானிய வருஷம், புரட்டாசி மாதம் மூன்றாம் தேதி.